குறிப்பறியாமையின் நகைச்சுவை: 'தி பிக் பேங் தியரி' தொடரின் உரையாடலும் தமிழ்த் துணையுரையும்

1. முன்னுரை

இரண்டாம் மொழியாகத் தமிழைக் கற்பிப்போர் ஒரு நிகழ்ச்சியை ஏதேனும் ஒரு வடிவில் சந்தித்திருப்பர். ஆசிரியர் வகுப்பை முடித்துக்கொண்டு 'வருகிறேன்' என்று சொல்லிச் செல்கிறார். புதிதாகத் தமிழ் கற்கும் மாணவர் அவர் திரும்பி வருவார் என்று காத்திருக்கிறார். மாணவருக்கு வினையடி தெரியும். கால இடைநிலை தெரியும். தன்மை ஒருமை விகுதியும் தெரியும். அத்தொடர் விடைபெறுதல் என்னும் செயலை நிகழ்த்துகிறது என்பது மட்டும் தெரியாது. இலக்கண அறிவும் மொழிப் பயன்பாட்டறிவும் வெவ்வேறானவை என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டியதில்லை.

இவ்விரு அறிவுகளுக்கும் இடையே உள்ள இடைவெளியையே முதற்பொருளாகக் கொண்டு 12 பருவங்கள் ஓடிய ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரை இக்கட்டுரை ஆராய்கிறது. 'தி பிக் பேங் தியரி' என்னும் அத்தொடரைத் தமிழில் துணையுரையாகப் பெயர்க்க முற்படும் ஒருவர் எதிர்கொள்ளும் சிக்கல் யாது என்பதே இதன் வினா. அறிவியற் கலைச்சொற்களே சிக்கல் என்று பொதுவாக எண்ணப்படும். அது சரியன்று என்பதும், சொல்லப்படாத பொருளைத் தமிழிலும் சொல்லாமலே விடுவது எவ்வாறு என்பதே உண்மையான சிக்கல் என்பதும் இக்கட்டுரையின் கருத்துகளாகும்.

2. தொடரும் அதன் வட்டுப் பதிப்பும்

சக் லாரி, பில் பிரேடி ஆகிய இருவர் உருவாக்கிய இத்தொடர் 2007 செப்டம்பர் 24 முதல் 2019 மே 16 வரை சி.பி.எஸ். தொலைக்காட்சியில் 279 பகுதிகளாக ஒளிபரப்பாயிற்று. கதை நிகழுமிடம் கலிபோர்னியாவின் பாசடீனா நகரம். கோட்பாட்டு இயற்பியலாளர் ஷெல்டன் கூப்பரும் ஆய்வக இயற்பியலாளர் லெனர்ட் ஹாஃப்ஸ்டாட்டரும் ஒரே குடியிருப்பில் வாழ்கின்றனர். பொறியாளர் ஹோவர்ட் வோலோவிட்ஸ், வானியற்பியலாளர் ராஜேஷ் கூத்ரப்பாலி ஆகியோர் அவர்தம் நண்பர்கள். எதிர்வீட்டில் உணவகப் பணியாளராகவும் நடிகையாக விரும்புபவராகவும் உள்ள பென்னி குடியேறுவதோடு தொடர் தொடங்குகிறது. அறிவியற் செய்திகளைச் சரிபார்க்கக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்து இயற்பியற் பேராசிரியர் டேவிட் சால்ட்ஸ்பெர்க் ஆலோசகராக இருந்தார்.

முதற்பருவம் 2008 செப்டம்பரில் டிவிடி வடிவில் வெளிவந்தது. அமெரிக்கக் கதையாசிரியர்களின் வேலைநிறுத்தத்தால் அப்பருவம் 17 பகுதிகளோடு நின்றது. தொடர் நிறைவுற்றபின் 2019 இல் 12 பருவங்களும் அடங்கிய முழுத்தொகுப்பு வெளிவந்தது. மொழியியலாளருக்கு இவ்வட்டுப் பதிப்பு ஒருவகையில் நல்ல தரவு. ஒரு கூற்றை நிறுத்தி மீண்டும் கேட்கலாம்; துணையுரையை இயக்கியும் நீக்கியும் ஒப்பிடலாம். மூலக்குரல், அரங்கில் எழும் சிரிப்பொலி, எழுத்தில் வரும் துணையுரை ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் பார்வையாளரை அடைகின்றன. மொழிபெயர்ப்புத் தனித்து நிற்காமல் மூலத்தின் அருகிலேயே நின்று சோதனைக்கு உள்ளாகிறது.

3. நேர்விடையும் குறிப்புவிடையும்

உரையாடல் ஒரு கூட்டுறவுச் செயல் என்னும் கருத்தைப் பால் கிரைஸ் 1967 இல் ஹார்வர்டில் ஆற்றிய சொற்பொழிவுகளில் விளக்கினார். 1975 இல் அதன் முதன்மைப் பகுதி அச்சில் வந்தது. அளவு, மெய்ம்மை, தொடர்பு, முறை ஆகிய நான்கையும் பேசுவோர் பேணுவர் என்று கேட்போர் நம்புகின்றனர். பேசுபவர் இவற்றுள் ஒன்றை வெளிப்படையாக மீறும்போது, கேட்பவர் அம்மீறலுக்குக் காரணம் தேடிக் குறிப்புப்பொருளை அடைகிறார்.

தமிழிலக்கணம் இச்செய்தியைத் தன் முறையில் நன்கு உணர்ந்திருந்தது. சொல்லின் பொருள் வெளிப்படையாகவும் குறிப்பாலும் தோன்றும் என்று தொல்காப்பியம் வகுக்கிறது. நன்னூல் விடையை எட்டாக்கிச் சுட்டு, மறை, நேர், ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி எனப் பெயரிடுகிறது. இவற்றுள் முதல் மூன்றும் நேர்விடைகள். எஞ்சிய ஐந்தும் சொல்லமைப்பால் விடை போலத் தோன்றாவிடினும் பொருளால் விடையாவன. 'சந்தைக்குப் போகிறாயா?' என்ற வினாவிற்குக் 'கால் வலித்தது' என்று கூறினால், போகவில்லை என்பதைக் கேட்பவர் தாமே உணர்ந்துகொள்கிறார். கிரைஸ் கூறும் தொடர்புநெறி மீறலும் நன்னூலார் கூறும் உற்றது உரைத்தலும் ஒரே நிகழ்வை இரு கோணங்களில் விளக்குகின்றன எனலாம்.

இவ்வகைப்பாட்டைக் கொண்டு நோக்கின் தொடரின் அமைப்பு எளிதில் புலனாகிறது. ஷெல்டன் பிறர் சொல்லிற் பெரும்பாலும் முதல் மூன்று விடைகளையே எதிர்பார்க்கிறார். பின்னைந்தும் அவருக்கு விடைகளாகா; அவை வெறும் செய்திகளாகவே அவரை அடைகின்றன. பென்னி இப்பின்னைந்திலேயே வாழ்பவர். லெனர்ட் இருவருக்கும் இடையே நின்று ஒருவர் பேச்சை மற்றவருக்கு உரைப்பவர். அவ்வகையில் அவரும் ஒரு மொழிபெயர்ப்பாளரே. திருக்குறளில் 'குறிப்பறிதல்' என்னும் தலைப்பு அரசனைச் சார்ந்தொழுகும் அமைச்சனுக்காக ஒருமுறையும் (71) காதலர்க்காக ஒருமுறையும் (110) வருவதை ஈண்டு நினைவு கூரலாம். ஷெல்டன் தவறுவதும் பணியிடம், நட்பும் காதலும் ஆகிய இவ்விரு களங்களிலேயே.

4. கிண்டல் அட்டை: ஓர் உரையாடலின் பகுப்பாய்வு

முதற்பருவத்தின் இரண்டாம் பகுதியில் (2007 அக்டோபர் 1) இடம்பெறும் ஓர் உரையாடலை எடுத்துக்கொள்வோம். பென்னியின் வீடு அலங்கோலமாக இருப்பதைப் பொறுக்காத ஷெல்டன், அவர் உறங்கும்போது நள்ளிரவில் உள்ளே சென்று அதனை ஒழுங்குபடுத்திவிடுகிறார். மறுநாட் காலை, தாம் நன்றாக உறங்கியதாகக் கூறுகிறார். உறக்கமின்மைக்கு அண்டை வீட்டிற்குள் புகுந்து துப்புரவு செய்வது புகழ்பெற்ற நாட்டுமருந்தாயிற்றே என்கிறார் லெனர்ட். இது கிண்டலா என்று ஷெல்டன் வினவுகிறார். நீ என்ன நினைக்கிறாய் என்னும் பொருள்பட லெனர்ட் எதிர்வினா விடுக்கிறார். பின்னர், இன்றிரவு மீண்டும் புகுந்து அவருடைய தரைவிரிப்பையும் கழுவிவிடலாம் என்கிறார். அது வரம்பு மீறிய செயலாகாதா என்று ஷெல்டன் உண்மையாகவே ஐயுறுகிறார். பொறுமையிழந்த லெனர்ட், வாயைத் திறக்கும்போதெல்லாம் கிண்டல் என்று எழுதிய அட்டையைத் தூக்கிப் பிடிக்க வேண்டுமா என்று கேட்கிறார். உன்னிடம் அத்தகைய அட்டை இருக்கிறதா என்பது ஷெல்டனின் மறுமொழி.

இவ்வுரையாடலில் மூன்று செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, ஷெல்டன் கிண்டலை முற்றிலும் அறியாதவர் அல்லர். முதற்கூற்றை அவர் ஐயுற்றே வினவுகிறார். அவருக்கு இல்லாதது உறுதி. எனவே அவரை மந்தமானவராகக் காட்டும் மொழிபெயர்ப்புப் பிழையாகும். இரண்டாவது, கிண்டலா என்ற வினாவிற்கு லெனர்ட் தரும் விடை வினா எதிர் வினாதல். ஆம் அல்லது இல்லை என்பதை எதிர்நோக்கி நிற்பவரிடம் மீண்டும் ஒரு குறிப்புவிடையே நீட்டப்படுகிறது. தவறு ஷெல்டனுடையது மட்டுமன்று என்பது இங்கே தெளிவாகிறது. மூன்றாவது, அட்டை பற்றிய இறுதி வினா விடை வேண்டாத வினா. அதனை அறியாவினாவாகக் கொண்டு, அட்டை ஒன்று உண்டு என்னும் முற்கோளையும் ஏற்றுக்கொண்டு ஷெல்டன் மேலே செல்கிறார்.

தமிழாக்கத்தில் இவ்விறுதி இரு கூற்றுகளே தேர்வுக்குரியன. லெனர்டின் கூற்றுக்கு மூன்று வடிவங்கள் உடனே தோன்றும்:

(அ) நான் வாயத் தொறக்கும்போதெல்லாம் 'கிண்டல்'னு அட்ட பிடிக்கணுமா?
(ஆ) நான் வாயத் தொறக்கும்போதெல்லாம் 'கிண்டல்'னு அட்ட பிடிக்கணுமா என்ன?
(இ) நான் வாயத் தொறக்கும்போதெல்லாம் 'கிண்டல்'னு அட்ட பிடிக்கணுமாக்கும்?

தமிழர் காதுக்கு (ஆ), (இ) இரண்டும் (அ) வினும் இயல்பாக ஒலிக்கும். மொழிபெயர்ப்பாளரின் கை தானாகவே அவற்றை நாடும். ஆனால் ஈற்றில் வரும் 'என்ன' என்பதும் 'ஆக்கும்' என்பதும் இது விடை வேண்டாத வினா என்பதை இலக்கண வடிவிலேயே அறிவித்துவிடுகின்றன. ஆங்கில மூலத்தில் அத்தகைய சொல் ஏதும் இல்லை. சூழலும் குரலுமே அதனை உணர்த்துகின்றன. (ஆ) வையோ (இ) யையோ கேட்டபின்பும் ஒருவர் புரிந்துகொள்ளவில்லை எனில் அவர் தமிழே அறியாதவர் ஆவார். ஷெல்டனின் குறை மொழியறிவுக் குறையாக மாறிவிடுகிறது. ஆதலின் (அ) வே பொருந்தும்.

ஷெல்டனின் மறுமொழிக்கும் இவ்வாறே மூன்று வடிவங்கள் உண்டு:

(ஈ) கிண்டலுக்கு அட்ட வச்சிருக்கியா?
(உ) கிண்டலுக்கு அட்டயா வச்சிருக்க?
(ஊ) கிண்டலுக்கு அட்ட வேற வச்சிருக்கியா?

தமிழில் வினா ஆகாரம் தொடரின் எவ்வுறுப்போடும் சேரும். சேருமிடத்தைப் பொறுத்துப் பேசுவோரின் மனநிலை மாறும். (உ) வில் அது பெயரோடு சேர்ந்து நம்பாமையையும் வியப்பையும் தருகிறது. (ஊ) வில் வரும் 'வேற' ஏளனத்தை ஏற்றிவிடுகிறது. இவ்விரண்டிலும் ஷெல்டன் லெனர்டைத் திருப்பிக் கிண்டல் செய்பவராகிவிடுகிறார். அவ்வாறாயின் நகைச்சுவை தலைகீழாகிவிடும். ஆகாரம் வினையோடு சேர்ந்து, வேறு இடைச்சொல் எதுவும் இல்லாது நிற்கும் (ஈ) மட்டுமே தூய அறியாவினா. ஓர் எழுத்து நிற்குமிடமே இங்குப் பாத்திரப் படைப்பை முடிவு செய்கிறது.

5. கலைச்சொல் தடையன்று

அறிவியற் சொற்கள் தமிழ்ப் பார்வையாளருக்கு விளங்கா, எனவே நகைச்சுவையும் விளங்காது என்ற கருத்து ஆய்வுக்குரியது. முதற்பருவத்தின் ஒரு பகுதியில் அனைவரும் வேடமிட்டுக் கூடும் விருந்துக்கு ஷெல்டன் கறுப்பு வெள்ளைக் கோடுகள் இட்ட உடையில் வருகிறார். அவர் ஏற்றது டாப்ளர் விளைவு என்னும் வேடம். விருந்துக்கு வந்தவர்களோ அவரை வரிக்குதிரை என்றே கொள்கின்றனர். இதனைச் சுவைக்க டாப்ளர் விளைவின் வாய்பாடு தெரிய வேண்டியதில்லை. தம் உடையின் பொருள் தமக்கு வெளிப்படையாதலின் பிறர்க்கும் வெளிப்படை என்று ஒருவர் எண்ணுகிறார் என்பது தெரிந்தாற் போதும். அமெரிக்கப் பார்வையாளருள்ளும் மிகப்பலர் இயற்பியல் கற்றவர் அல்லர் என்பதை மறக்கலாகாது.

மேலும், கலைச்சொல்லாக்கத்தில் தமிழ் தளர்ந்த மொழியன்று. இத்தொடரின் பகுதித் தலைப்புகள் ஆய்வுக்கட்டுரைத் தலைப்புகளின் பகடியாக அமைந்தவை. 'ஒளிர்மீன் விளைவு', 'குளியற்பொருட் பரிசுக் கருதுகோள்' என்று தொகைநிலைத் தொடர்களாக அவற்றைத் தமிழில் அமைக்கும்போது, நம் ஆய்விதழ்த் தலைப்புகளின் விறைப்பும் அவற்றோடு சேர்ந்தே வந்துவிடுகிறது. இவ்விதழின் வாசகர் தம் கட்டுரைகளையே நினைத்துப் புன்னகைக்க இடமுண்டு.

கலைச்சொல்லை அஞ்சிக் களைவதன் விளைவை இத்தாலிய மொழி அனுபவம் காட்டுகிறது. அங்குத் தொடக்கக் கட்டக் குரலிணைப்பில் சிறப்புத்துறைக் குறிப்புகள் பல பொதுவானவையாக மாற்றப்பட்டன. மூலத்தை அறிந்த பார்வையாளர் அதனைக் கடுமையாகக் கண்டித்தனர். பின்னர்த் தமிழில் நாம் வசனகர்த்தா என்போமே, அப்பொறுப்பு வேறு கைக்கு மாறியது. பார்வையாளர் வேண்டியது விளக்கமன்று. விளங்காத சொல் விளங்காமலே இருந்து, அதனைப் பேசுபவரின் தனிமையைக் காட்ட வேண்டும் என்பதே. பென்னிக்கு விளங்காத சொல் பார்வையாளருக்கு மட்டும் விளங்கிவிட்டால் பென்னியின் இடத்தில் நிற்க எவரும் இரார்.

6. ஷெல்டனின் தமிழ்

ஷெல்டன் எத்தமிழில் பேச வேண்டும்? ஃபெர்குசன் 1959 இல் விளக்கிய இரட்டை வழக்கு நிலை தமிழில் உறுதியாக வேரூன்றியது. ஆங்கிலத்தில் இல்லாத இவ்வசதியைப் பயன்படுத்தி ஷெல்டனை எழுத்துத் தமிழிலும் பிறரைப் பேச்சுத் தமிழிலும் பேசவைக்கலாம் என்பது முதலில் தோன்றும் தீர்வு. இது கவர்ச்சியானது, ஆனால் தவறானது. பேச்சு நிகழ வேண்டிய இடத்தில் எழுத்துத் தமிழைப் பேசும் மாந்தர் தமிழ்த் திரைப்பட நகைச்சுவையில் நெடுங்காலமாகத் தமிழ்ப் புலவராகவே வந்துள்ளனர். துணையுரையைப் படிப்பவருக்குப் பாசடீனாவின் இயற்பியலாளர் மறைந்து நம் ஊர்த் தமிழாசிரியர் தோன்றுவார். அமெரிக்க அறிவியலாளரைப் பற்றிய நகைச்சுவை தமிழறிஞரைப் பற்றிய பழைய ஏளனமாக முடியும்.

இக்கட்டுரையாளர் முன்வைக்கும் தீர்வு வேறு. ஷெல்டன் பேச்சுத் தமிழே பேச வேண்டும். ஆனால் அது இடைச்சொல் நீத்த பேச்சுத் தமிழாக இருக்க வேண்டும். தமிழில் பேசுவோரின் மனநிலை பெரும்பாலும் 'தான்', 'ஏ', 'ஓ', 'ஆக்கும்', 'வேற', 'அல்லவா' போன்ற சிறுசொற்களிலேயே தங்கியுள்ளது. சொல்லாதொழிந்த பொருளை இசைத்து நிற்பதை ஒழியிசை என்றே தொல்காப்பிய இடையியல் பெயரிட்டு வைத்திருக்கிறது. குறிப்பை அறியாதவர் குறிப்பைத் தரும் சொற்களையும் ஆளமாட்டார். முழுமையான எழுவாய், முழுமையான பயனிலை, துல்லியமான அளவுச்சொல், எச்சமின்றி முடியும் தொடர் ஆகியவற்றோடு இவ்விடைச்சொல்லின்மையும் சேர்ந்தால் ஷெல்டனின் குரல் தமிழில் உருவாகும். படிப்பவர் காரணத்தைக் கண்டறியார். ஏதோ ஒன்று குறைவதை மட்டும் உணர்வர். மூலத்திலும் அவ்வாறே உணர்கின்றனர்.

இதனோடு தொடர்புடையது முன்னிலைச் சிக்கல். ஆங்கிலத்தின் ஒரே முன்னிலைப் பெயருக்குத் தமிழில் 'நீ', 'நீங்க' என இரண்டு உள்ளன. அவற்றின்மேல் 'டா', 'டி' என்னும் விளிகளும் உள்ளன. ஒரே வீட்டில் வாழும் இளைஞர்கள் 'டா' இன்றிப் பேசுவது தமிழில் இயல்பன்று. லெனர்டும் ஹோவர்டும் ராஜேஷும் தமக்குள் 'டா' போட்டுக்கொள்ளட்டும். ஷெல்டன் லெனர்டை 'நீ' எனலாம். 'டா' மட்டும் கூடாது. ஒரு விளியின் இன்மையே அவரது விலகலைக் காட்டப் போதுமானது.

லெனர்டும் பென்னியும் முதற்பகுதியில் 'நீங்க' என்று தொடங்குவர். எப்போது 'நீ'க்கு மாறுவர்? மூலத்தில் இல்லாத இக்கணத்தை மொழிபெயர்ப்பாளர் தாமே முடிவு செய்தாக வேண்டும். மூன்றாம் பருவத்தில் அவர்கள் பிரிந்தபின் மீண்டும் 'நீங்க'வுக்குத் திரும்பினால், மூலத்தில் இல்லாத கசப்பு ஒன்று நுழைந்துவிடும். ஒன்பதாம் பருவத்தின் தொடக்கத்தில் அவர்கள் மணந்தபின், மனைவி கணவனை 'நீங்க' என்றே விளிக்க வேண்டும் என்னும் நம் வழக்கம் மொழிபெயர்ப்பாளரை ஈர்க்கும். அதற்கு இணங்கினால் பென்னி வேறொருவராகிவிடுவார். ஒருமுறை 'நீ' என்று மாறியபின் இறுதிவரை இருவரும் 'நீ' என்றே நிற்பதுதான் முறை.

ராஜேஷ் கூத்ரப்பாலியின் நிலை வேறுவகை. அவர் புது தில்லியைச் சேர்ந்தவராகக் காட்டப்படுகிறார். அவர் பெயரின் ஈறோ தென்னிந்திய இடப்பெயர்களில் வரும் 'பள்ளி' என்பதை நினைவூட்டுகிறது. அமெரிக்கப் பார்வையாளருக்கு இவ்வேறுபாடு ஒரு பொருட்டன்று. அவரது ஆங்கில ஒலிப்பே அவரை அயலவராக்குகிறது. தமிழ்த் துணையுரையில் அனைவரும் தமிழ் பேசுவதால் இவ்வேறுபாடு எழுத்தில் அழிகிறது. ஆயினும் மூலக்குரல் காதில் விழுந்துகொண்டிருப்பதால் அதனை எழுத்தில் செயற்கையாக மீட்கத் தேவையில்லை. பெண்களிடம் மதுவின் துணையின்றிப் பேச இயலாத அவரது மௌனம் ஆறாம் பருவத்தின் இறுதி வரை (2013) நீடிக்கிறது. மௌனத்திற்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை.

துணையுரையின் இட நெருக்கடியும் கருதத்தக்கது. இரண்டு வரி, சில நொடி என்பது பொது வழக்கம். தமிழ்ச் சொற்கள் ஒட்டுநிலையால் நீள்வன. சுருக்குதலே துணையுரையாளரின் முதற்பாடமாக உள்ளது. ஆனால் ஷெல்டனின் கூற்றைச் சுருக்கினால் ஷெல்டனே இரார்; தேவைக்கு மேற்பட்ட அளவிற் சொல்வதுதான் அவர். சுருக்கம் தேவையெனில் லெனர்டையும் ஹோவர்டையும் சுருக்கலாம். அவர்களுடைய குறை சொற்களைக் கேட்பவர் தாமே நிரப்பிக்கொள்வார்.

7. கொடையும் கணக்கும்

தொடரின் மிகச்சிறந்த பகுதிகளுள் ஒன்று இரண்டாம் பருவத்தின் கிறிஸ்துமஸ் பகுதி (2008 டிசம்பர்). பென்னி தமக்குப் பரிசு தரப்போகிறார் என்று அறிந்த ஷெல்டன் கலங்குகிறார். பரிசு என்பது இணையான மதிப்புள்ள மறுபரிசு தர வேண்டும் என்னும் கடன் என்பது அவர் கருத்து. பல விலைகளில் குளியற்பொருட் கூடைகளை வாங்கி மறைத்து வைக்கிறார். பென்னியின் பரிசை மதிப்பிட்டு அதற்கேற்ற கூடையை மட்டும் கொடுத்து, எஞ்சியவற்றைக் கடைக்குத் திருப்பிவிடுவது அவர் திட்டம். பென்னி தருவது நடிகர் லெனர்ட் நிமாய் வாய் துடைத்துக் கையொப்பமிட்ட ஒரு கைக்குட்டைத் தாள். ஷெல்டன் அனைத்துக் கூடைகளையும் கொண்டுவந்து குவிக்கிறார். அவையும் போதா என்று உணர்ந்து, பென்னியைத் தழுவிக்கொள்கிறார்.

தமிழ்ப் பார்வையாளருக்கு இப்பகுதியின் முற்பாதி மூலத்தில் உள்ள அளவு விந்தையாகத் தோன்றாது என்பது கருதத்தக்கது. திருமண வீட்டில் மொய் எழுதி, அக்கணக்கை நோட்டில் காத்து, முறை வரும்போது குறையாமல் திருப்பிச் செய்யும் வழக்கமுள்ள சமூகத்தில் ஷெல்டனின் கலக்கம் நியாயமான கலக்கமே. எனினும் மொழிபெயர்ப்பாளர் இங்கு 'மொய்' என்ற சொல்லைப் பெய்துவிடலாகாது. மொய் ஊரறிந்த கணக்கு. ஷெல்டனின் கணக்கு அவர் ஒருவரே வகுத்தது. 'கடன்' என்னும் பொதுச்சொல்லே போதும். நகைச்சுவை சற்றுக் குறையும். ஆனால் பிற்பாதி வலுப்பெறும். கணக்கை அறிந்த சமூகத்திற்கே கணக்குத் தோற்கும் கணத்தின் அருமையும் தெரியும். சொல்லையே நம்பி வாழ்ந்தவர் சொல் போதாமல் தழுவுகிறார். அந்த இடத்தில் துணையுரை வெறுமையாக இருக்க வேண்டும்.

8. 'பசிங்கா'வும் சிரிப்பொலியும்

பிறர் கிண்டலை உறுதியாக அறிய இயலாத ஷெல்டன், தம் கிண்டலைப் பிறர் அறியாமற் போவர் என்று அஞ்சி, ஒரு சொல்லைக் கையாள்கிறார். தாம் கூறியது வேடிக்கை என்பதை அறிவிக்க இறுதியில் 'பசிங்கா' என்பார். பேச்சுச்செயலின் வகையை வெளிப்படையாக அறிவிக்கும் இடைச்சொல் என்று இதனைக் கொள்ளலாம். நம்மிடம் ஆக்கும், வேற முதலியன செய்யும் பணியைத் தனியொருவர் தமக்கென ஆக்கிய ஒரு சொல் செய்கிறது. இதனைச் 'சும்மா சொன்னேன்' என்று பெயர்ப்பது பொருந்தாது. அது அனைவரும் அறிந்த தொடர். 'பசிங்கா' ஒருவரின் தனிமொழி. ஒலிபெயர்ப்பே தக்கது. பிரேசிலில் நெடுங்காலம் வேறோர் இனமாகத் தவறாகக் கருதப்பட்ட ஒரு தேனீ இனத்திற்கு 'யூகுளோசா பசிங்கா' என்று உயிரியலாளர் பெயரிட்டதிலிருந்து, இச்சொல் தொடருக்கு வெளியிலும் வேர்விட்டது தெரிகிறது.

இனி இத்தொடர் மீதான நம் மதிப்பீட்டிற்கு வருவோம். இது அரங்கப் பார்வையாளர் முன்னிலையில் படமாக்கப்பட்டது. அவர்தம் சிரிப்பொலி வட்டிலும் இடம்பெறுகிறது. ஒவ்வொரு குறிப்புப்பொருளுக்கும் பின்னர் அச்சிரிப்பு எழுந்து, இது நகைச்சுவை என்று நமக்கு உணர்த்துகிறது. லெனர்ட் பிடிக்க மறுத்த அட்டையைத் தொடர் நமக்குப் பகுதிதோறும் பிடித்துக் காட்டுகிறது. அட்டை வேண்டி நிற்கும் ஒருவரைப் பார்த்துச் சிரிக்கும் நமக்கும் அட்டை தேவைப்படுகிறது என்பதே இதன் பொருள். தொடரை உருவாக்கியோர் இம்முரணை உணர்ந்தனரோ இலரோ, வட்டை நிறுத்தி நிறுத்திப் பார்க்கும் ஆய்வாளர் அதனை உணராதிருக்க முடியாது.

இதில் அறம் சார்ந்த ஒரு வினாவும் உண்டு. ஷெல்டனை எந்த மருத்துவப் பெயருக்கும் உரியவராகத் தாங்கள் படைக்கவில்லை என்று தொடரை உருவாக்கியோர் கூறியுள்ளனர். ஆயினும் பிறர் குறிப்பை உணர்வதில் இடர்ப்படும் உண்மையான மனிதர் நம்மிடையே உள்ளனர். தொடக்கப் பருவங்களில் சிரிப்பு பெரும்பாலும் உரையாடலின் மேல் எழுகிறது. குறிப்பாகப் பேசுவோரும் அதிற் பங்குடையவர். பிற்பருவங்களிலோ ஷெல்டனின் கூற்றுகள் பல, உணராது சொன்னவை என்பதை விடுத்து, உணர்ந்தே புண்படுத்துவனவாக மாறுகின்றன. அது குறிப்பறியாமையன்று, கடுஞ்சொல். நகைப்பொலி மட்டும் முன்போலவே எழுகிறது. பயன்பாட்டு மொழியியல் நோக்கில் தொடரின் தரம் தாழ்ந்தது இவ்விடத்திலேயே என்பது இக்கட்டுரையாளர் கருத்து. 2019 இன் இறுதிப் பகுதியில், நோபல் பரிசேற்பு மேடையில் ஷெல்டன் தாம் எழுதிவந்த உரையை ஒதுக்கிவைத்துத் தம் நண்பர்களை எழுந்து நிற்கச் செய்து, தம் நட்பிற் குறையிருந்தால் பொறுக்குமாறு வேண்டுகிறார். தொடக்கத்தின் நேர்மையைத் தொடர் அங்கு மீட்டுக்கொள்கிறது.

9. முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படும் கருத்துகள் சில. இத்தொடரின் நகைச்சுவை கலைச்சொல்லில் இல்லை. நேர்விடைக்கும் குறிப்புவிடைக்கும் இடையிலுள்ள இடைவெளியில் உள்ளது. அவ்விடைவெளியை விளக்க நன்னூலின் விடைவகைகள் இன்றும் பயன்படும் கருவிகளாக உள்ளன. பேசுவோரின் மனநிலையை இடைச்சொல்லால் வெளிப்படுத்தும் வளம் தமிழுக்கு மிகுதி. அவ்வளமே இங்கு மொழிபெயர்ப்பாளருக்கு இடர். ஆகவே எதைச் சேர்ப்பது என்பதைக் காட்டிலும் எதை விடுப்பது என்பதே அவர் ஆராய வேண்டியது.

சிரிப்பொலி ஓர் அட்டை. மிகையான இடைச்சொல்லும் அடைப்புக்குறி விளக்கமும் இரண்டாம் அட்டை. முதலாவதை மொழிபெயர்ப்பாளர் நீக்க இயலாது; இரண்டாவதைப் பிடிக்காதிருக்கலாம். 'வருகிறேன்' என்ற சொல்லைக் கேட்டு வகுப்பறையில் காத்திருந்த மாணவரிடம், அதன் பொருளை எவரும் அட்டையில் எழுதிக் காட்டுவதில்லை. ஆசிரியர் வாராமை கண்டு அவரே ஒருநாள் எழுந்து செல்கிறார். மறுநாள் விடைபெறும்போது அவரும் 'வருகிறேன்' என்கிறார்.